வயிற்றை உள்ளிருந்து கட்டுவது

எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் சுகப்பிரசவம், இளையவன் சிசேரியன். இரண்டு முறையும் வயிறு வேறு வேறு விதமாகத்தான் சரிந்தது, வேறு வேறு வேகத்தில்தான் திரும்பியது. பிள்ளை பெற்ற பிறகு வயிறு உள்ளே போக என்ன செய்தீர்கள் என்று பள்ளியில் கூட வேலை பார்க்கும் இளம் டீச்சர்கள் கேட்கும்போதெல்லாம், அந்த வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதில் இருந்துதான் ஆரம்பிப்பேன். சுருங்கிக்கொண்டிருக்கும் கர்ப்பப்பை இருக்கிறது. விலகிப்போன தசை இருக்கிறது. கொழுப்பு, வாயு, மலச்சிக்கல், தொய்ந்த தோல் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில்தான் சரியாகும். இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியமாகச் சோற்றைக் குறைப்பதும், மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவதும் பச்சை உடம்புக்காரியை இன்னும் பலவீனமாக்குகிறது.

கர்ப்பப்பை தானாகவே சரியாகிவிடும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தவுடன் அதன் மேல் விளிம்பு கிட்டத்தட்ட தொப்புள் மட்டத்தில் இருக்கும், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. பிறகு தினமும் ஒரு விரல் அளவுக்கு இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் போய்விடும். பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலி வருமே, அது கர்ப்பப்பை சுருங்குகிற வலிதான். இரண்டாவது பிள்ளைக்கு அது இன்னும் கடுமையாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற அன்று வயிறு ஆறு மாதக் கர்ப்பம்போலத் தெரிந்தால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து ஐந்து ஆறு கிலோதான் அன்றைக்குக் குறையும். மீதி மெதுவாகத்தான் போகும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது ஒரு முறை. பழைய நூல் வேட்டியை நீளமாக மடித்து, படுக்க வைத்து, அடிவயிற்றில் இருந்து மேலே சுற்றிக் கட்டுவார்கள். "ஏட்டி, இறுக்கிக் கட்டு, இல்லன்னா வயிறு சரிஞ்சிரும்" என்று ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்தக் கட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. முதல் சில வாரங்களில் உடம்பின் நடுப்பகுதி யாருடையதோபோலத் தொளதொளவென்று இருக்கும்போது, துணியோ கடையில் விற்கும் பெல்ட்டோ ஒரு பிடிமானம் தருகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு எழுந்து நடக்கும்போது தையல் வலி குறைகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. துணி கட்டுவதால் விலகிய தசை சேராது, கொழுப்பும் கரையாது. மூச்சை முழுதாக இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் வயிற்றின் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசையைத் தள்ளும். ஆச்சி கட்டிவிட்ட பிறகு உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்த்துக்கொள்வேன். தூங்கும்போது அவிழ்த்துவிடுவேன். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது தசையைப் பற்றி. இளையவன் பிறந்து பல மாதம் கழிந்த பிறகு ஒருநாள் ஜங்ஷன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வயதான ஒரு அம்மா எழுந்து, "உட்காரும்மா, எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எடை அதற்குள் ஓரளவு இறங்கியிருந்தது, கை கால் முகமெல்லாம் பழையபடி ஆகியிருந்தது, வயிறு மட்டும் சாப்பிட்டவுடன் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். காலையில் பரவாயில்லாமல் இருக்கும், சாயங்காலம் பெரிதாகும். படுக்கையிலிருந்து நேராக எழுந்தால் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மேடு புடைத்து வரும். இத்தனையும் எதன் அறிகுறி என்று பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போன பிறகுதான் தெரிந்தது.

வயிற்றின் முன்பக்கம் நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை இடமும் வலமுமாக இரண்டு நீளத் தசைகள் இருக்கின்றன. அவற்றை நடுவில் இணைப்பது ஒரு நாரிழைப் பட்டை. குழந்தை வளர வளர அந்தப் பட்டை, இழுபட்டு இழை நெகிழ்ந்த துணியைப்போல, அகன்று மெலிகிறது. இரண்டு தசையும் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. மருத்துவர்கள் இதை டயஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள். இது அபூர்வமான ஒன்றே இல்லை. முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்த நார்வே ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பிரசவமாகி ஆறு வாரத்தில் அவர்களில் 60 சதவீதம் பேருக்கு இந்த இடைவெளி இருந்தது, ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்றை என் இரண்டு பிரசவத்திலும் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. குழந்தைக்கு எடை பார்த்தார்கள், தடுப்பூசி தேதி எழுதித் தந்தார்கள். அதெல்லாம் அவசியம்தான். தாயின் வயிற்றை ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்குவாட்டில் வைத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகும். நடுவில் எத்தனை விரல் உள்ளே போகிறது? தொப்புளிலும், அதற்குக் கீழேயும் இப்படியே பாருங்கள். ஒரு விரல், இரண்டு விரல் என்றால் பெரும்பாலும் பயமில்லை. அதற்கு மேல் என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது நல்லது. அகலத்தோடு ஆழத்தையும் கவனிக்க வேண்டும். விரல் வைத்த இடம் கெட்டியாக எதிர்த்து நின்றால் நல்லது, மெத்தென்று உள்ளே அமிழ்ந்தால் அந்தப் பட்டைக்கு இன்னும் பலம் வரவில்லை. எனக்கு இடைவெளி முழுதாக மூடவில்லை. ஆனால் அந்த இடம் கெட்டிப்பட்டது, அதிலேயே வயிறு தட்டையாகிவிட்டது.

கெட்டிப்படுத்தியது பெரிய உடற்பயிற்சி எதுவும் இல்லை, மூச்சுதான். நீளத் தசைகளுக்கு அடியில், இடுப்பைச் சுற்றிக் குறுக்காக ஓடும் ஓர் ஆழமான தசை இருக்கிறது. இடுப்புக்கு அடியில் மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடலைத் தாங்கும் தசைத்தளம் இருக்கிறது. மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம், பின்னால் முதுகுத் தசை. இவை சேர்ந்து வேலை செய்தால்தான் வயிறு உள்ளே நிற்கும். வேட்டியால் வெளியிலிருந்து கட்டுவதை உள்ளிருந்து கட்டுவது இந்தத் தசைகள்தான். படுத்தபடி மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், வயிறு தளர்ந்திருக்க வேண்டும். வாய் வழியே மெதுவாக விடும்போது, மூத்திரத்தையும் வாயுவையும் அடக்குவதுபோல் கீழ்த்தளத்தை மேலே இழுக்க வேண்டும். கூடவே அடிவயிறு தானாக முதுகை நோக்கிப் போகும். அப்படியே சில நொடி வைத்திருந்து முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, பிருஷ்டத்தை இறுக்கக் கூடாது. தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் முதல் வாரத்திலேயே வலி இல்லாத அளவுக்கு இதைத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்னும் மென்மையாக ஆரம்பிக்கலாம்.

இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க முடிந்த நாட்கள் எனக்குக் குறைவு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் செய்தேன். குழந்தைதான் நேரத்தை ஞாபகப்படுத்தியது. அப்புறம் படிப்படியாக, படுத்துக்கொண்டு மூச்சை விட்டபடி ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது, மடக்கிய ஒரு முழங்காலை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துக் கொண்டுவருவது, இடுப்பைத் தூக்கிப் பாலம்போல் நிற்பது, கை கால் நான்கையும் ஊன்றி எதிரெதிர்க் கை காலை நீட்டுவது என்று கூட்டிக்கொண்டு போனேன். எதைச் செய்யும்போதும் நடுவயிறு கூம்பாகப் புடைத்தால் அந்தப் பயிற்சிக்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை. உடனே முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் பெரிய பாடம் இதுதான். "எத்தனை தடவை செஞ்சீங்கன்னு எண்ணாதீங்க, வயிறு புடைக்குதான்னு பாருங்க" என்பார்.

மல்லாந்து படுத்து முழுதாக எழுந்து உட்காரும் பயிற்சியை எல்லா ஜிம்மிலும் தொப்பைக்கு முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். இடைவெளி உள்ளவர்கள் ஆழமான தசைக்குப் பலம் வருவதற்கு முன் அதில் இறங்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அந்த மெலிந்த பட்டையைத்தான் வெளியே தள்ளுகிறோம். ஓடுவது, குதிப்பது போன்றவற்றுக்கும் குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும். நடை அப்படி இல்லை. வீட்டுக்குள் இரண்டாம் நாளே நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பிரசவமான பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. பிள்ளையை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு வாய்க்கால் பாலம் வரை போய் வருவேன். வயிற்றுக்கு நல்லதோ இல்லையோ, மனசுக்கு அது பெரிய மருந்து.

பயிற்சிக்குச் செலவிடும் பத்து நிமிடத்தைவிட மீதி நாளில் உடம்பை எப்படி நடத்துகிறோம் என்பது பெரிது. படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்கக் கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். குழந்தையையோ குடத்தையோ தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். நம் பெண்கள் பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்து, வயிற்றை முன்னே தள்ளி, முதுகை வளைத்து நிற்போம். நாள் முழுக்க அப்படி நின்றால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. இடுப்பை மாற்றி மாற்றி வையுங்கள், முடிந்தால் நெஞ்சோடு சேர்த்துத் தூக்குங்கள். முதுகுவலிக்கெல்லாம் சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியைக் காரணம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்த ஊசியால் நீண்டகால முதுகுவலி வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. என் முதுகுவலி நிற்கும் விதத்தையும் பால் கொடுக்க உட்காரும் விதத்தையும் மாற்றியதும் குறைந்தது.

சிசேரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோல், கொழுப்பு, தசையின் மேலுறை, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக வெட்டித் தைக்கிறார்கள். நீளத் தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, நடுவில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். எனவே அறுத்த வயிறு இனி சேராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் ஆறு வாரம் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காமல் இருப்பதும், இருமல் தும்மல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொள்வதும் போதும். தழும்புக்கு மேலே தோல் மடிந்து தொங்குவதுதான் நிறையப் பேருக்குக் கவலை. தழும்பு அடியில் உள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டால் அந்த மடிப்பு அதிகம் தெரியும். புண் முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சுத்தமான விரலால் தழும்பைச் சுற்றியும் மேலேயும் மெதுவாக நகர்த்தித் தேய்த்துவிட்டேன். முதலில் அந்த இடம் மரத்துப்போய், தொடவே கூச்சமாக இருந்தது. போகப் போகத் தோல் இளகியது.

சாப்பாட்டில் நான் கண்டிப்பானவள்: பால் கொடுக்கிற காலத்தில் பட்டினி கிடக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. புரதமும் கூட வேண்டும், தசை தேறுவதே அதில்தான். ஆனால் பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் பயறையும் காயையும் ஒதுக்கிவிட்டு, சோறும் ரொட்டியும் நெய்யுமாகக் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூடுதல் கலோரி அங்கே இடுப்பில்தான் சேரும். நம் மரபிலேயே நல்லவை நிறைய இருக்கின்றன. கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, உளுந்தஞ்சோறு, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை. இவற்றை விடாமல் வைத்துக்கொண்டு, சோற்றின் அளவை மட்டும் கையில் பிடித்தேன். லேகியத்தை ஸ்பூன் அளவோடு நிறுத்தினேன். பார்க்க வருகிறவர்கள் வாங்கி வந்த இனிப்பு, ஹார்லிக்ஸ், ரஸ்க் எல்லாம் வீட்டில் மற்றவர்களுக்குப் போனது.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். தண்ணி குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று பிள்ளை பெற்றவளுக்கு நாளொன்றுக்கு இரண்டு டம்ளர் வெந்நீர் மட்டும் தருகிற பழக்கத்தை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். பால் சுரப்பதற்கே தண்ணீர் செலவாகிறது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிடச் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை வேறு மலத்தைக் கட்டும். தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் வராமல் இருக்குமா? முக்கி முக்கிப் போகும்போது தையல் வலிக்கும், கீழ்த்தளம் தளரும், வயிறு உப்பும். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், வெதுவெதுப்பாக வேண்டுமானால் அப்படியே குடியுங்கள். இதில் அம்மாவோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அங்கன்வாடிக்கு வந்த நர்ஸ் அதையே சொன்ன பிறகு வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போடுவதைவிட இப்படி ஒரு வெளி ஆளைச் சொல்ல வைப்பது நல்ல வழி. ஒரே வாரத்தில் தொப்பை கரையும் என்று விற்கிற பொடிகளையும் டீயையும் பால் கொடுக்கும் தாய்மார் தொடவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூக்கமே இல்லாத பெண்ணால் பயிற்சியும் செய்ய முடியாது, பசியையும் அடக்க முடியாது. அரசு வேலையில் இருப்பதால் தமிழ்நாட்டில் எனக்கு 12 மாத விடுப்பு கிடைத்தது. தனியாரில் சட்டப்படி 26 வாரம். வயலிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கிற பெண்களுக்கு அதுவும் இல்லை, நாற்பது நாள் கழிந்ததும் சுமை தூக்கப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் போய்த் தட்டையான வயிற்றைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஒருக்களித்து எழுவதையும், மூச்சை விட்டுத் தூக்குவதையும் அவர்களுக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவர்கள் உடம்புதான் அதிகம் தாங்குகிறது. என் கணவர் இரவில் ஒரு தடவை குழந்தையைப் பார்த்துக்கொண்டார், மதினி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். எனக்கு வயிறு இறங்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

வயிற்றுக் கோடுகள் மங்கி வெளுக்கும், முழுதாக மறையாது. எந்த எண்ணெயும் கிரீமும் அவற்றை அழிப்பதில்லை. தொய்ந்த தோல் ஒரு வருடம் வரை மெல்ல மெல்ல இறுகும். பயிற்சி எல்லாம் செய்தும் இடைவெளி பெரிதாகவே இருந்து தொல்லை கொடுத்தால் அறுவை சிகிச்சை இருக்கிறது, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் குழந்தையோடு போகும்போது உங்களுக்காகவும் சிலவற்றைக் கேளுங்கள். என் வயிற்றுத் தசை விலகியிருக்கிறதா என்று பாருங்கள், தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள். தும்மினால் மூத்திரம் சொட்டுகிறது என்றால் அதை மறைக்க வேண்டாம், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டுவிடவும் வேண்டாம், பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிற விஷயம் அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். காய்ச்சல், நாற்றமுள்ள உதிரப்போக்கு, திடீரென்று அதிக ரத்தப்போக்கு, தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவை இருந்தால் ஆறாம் வாரத்துக்குக் காத்திருக்கவே கூடாது. எவ்வளவு செய்தும் எடை இறங்காமல் களைப்பும் முடி உதிர்தலும் அதிகமாக இருந்தால் தைராய்டு பாருங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஆபத்துக் கணக்கு ஆரம்பமாகிறது. பிரசவம் முடிந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று இருந்துவிடாமல் ஆறாவது வாரத்தில் ஒரு தடவையும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே அந்தத் தேதியையும் எழுதி வைத்தால் மறக்காது.